வைகையையும் காட்டுங்கள்!



லீவு விட்டால் போதும், நம்மில் பாதிப் பேர் வீட்டுக்கு யாராவது வந்து இறங்கிவிடுவார்கள். சென்னையிலிருந்து சித்தி மகன் வருவான். முன்னால் நம்மோடு படித்துவிட்டு அப்பாவுக்கு மாற்றலாகி கோயம்புத்தூர் போன நண்பன் வருவான். "ஒரு நாள்தான்டா இருப்பேன், நாளைக்கு ராத்திரி டிரெயின். மதுரையைச் சுத்திக் காட்டு" என்பார்கள். நாமும் "அதுக்கென்ன, காட்டிட்டாப் போச்சு!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிடுவோம். மதுரையைச் சுற்றிய கழுதைகூட வேறு ஊர் போகாது என்று பழமொழி வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் ஆயிற்றே!

சரி, என்ன காட்டுகிறோம்? மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி மியூசியம், திருப்பரங்குன்றம், அழகர்கோவில், பழமுதிர்சோலை, தெப்பக்குளம். நடுவில் ஒரு ஜிகர்தண்டா. ஏழு இடம், எழுபது போட்டோ. அழகர்கோவில் வடக்கே 20 கிலோமீட்டருக்கு மேல். திருப்பரங்குன்றம் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கிட்டு ஓடி இங்கிட்டு ஓடி, பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். ராத்திரி ரயில் ஏறும்போது வந்தவருக்கு மிஞ்சுவது கால்வலி மட்டும்தான்.

இந்தப் பட்டியலில் ஒரு பெயர் இல்லை, கவனித்தீர்களா? வைகை! அதன் பாலத்தை அன்றைக்கு நான்கு தடவையாவது கடந்திருப்போம். ஒரு தடவைகூட நிறுத்தியிருக்க மாட்டோம். "கண்ணாடியை ஏத்துப்பா, நாத்தம் வருது" என்று மட்டும் சொல்லியிருப்போம்.

இதைத்தான் தப்பு என்கிறேன். ஊரைச் சுற்றிக் காட்டுவது என்றால் பெருமையான இடங்களை எண்ணிக் காட்டுவது மட்டும் அல்ல. கொஞ்சமாகக் காட்டணும், நடந்து காட்டணும், உண்மையைச் சொல்லிக் காட்டணும். வைகையையும் கட்டாயம் காட்டணும். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இடத்தை விட நேரம் முக்கியம்

நம் தமிழ்ப் பாடத்தில் மதுரைக்காஞ்சி என்ற பெயரைப் படித்திருக்கிறோம். பத்துப்பாட்டிலேயே நீளமானது, 782 அடி. எழுதியவர் மாங்குடி மருதனார். அந்தப் புலவர் மதுரையை எப்படிக் காட்டுகிறார் தெரியுமா? பகல் கடைத்தெருவான நாளங்காடி, மாலைக் கடைத்தெருவான அல்லங்காடி, பிறகு இரவில் ஒவ்வொரு யாமமும், கடைசியில் விடியல் என்று நேரத்தைப் பிடித்துக்கொண்டு போகிறார். தூங்கா நகரத்தைக் காட்ட இதைவிடச் சரியான வழி கிடையாது. அதையே நாமும் செய்யலாமே!

விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். மூட்டை மூட்டையாக மல்லிகை வந்து இறங்குவதைப் பார்க்க வேறு நேரம் கிடையாது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதைச் சொல்லலாம். அதைவிட, ஒரு முழம் வாங்கிக் கையில் கொடுத்தால் போதும், வாசனையே மற்றதைச் சொல்லிவிடும்.

காலையில் கோயில். மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிடுவார்கள், திரும்ப நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். இது தெரியாமல் மதியம் போய்க் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் விருந்தாளிகள் எத்தனை பேர்! அந்த இடைவெளியில் சாப்பாடு, பிறகு மகால். மாலையில் பாலமும் தெப்பக்குளமும். இரவு ரயில் என்றால் போகும் வழியில் சூடான இட்லியும் நாலு வகைச் சட்னியும். இவ்வளவுதான். அழகர்கோவிலும் குன்றமும் வேண்டாமா? வேணும், ஆனால் அடுத்த தடவைக்கு! எல்லாவற்றையும் காட்டிவிட்டால் அப்புறம் திரும்ப எதற்கு வருவார்?

கால்நடையாய்ப் போனால்தான் கதை வரும்

நம் ஊர் தெருக்களின் அமைப்பை ஆட்டோவில் இருந்து புரியவைக்க முடியாது. கோயிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம்! சித்திரைத் திருவிழாத் தேர் மட்டும் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று நண்பன் கேட்பான். திருவிழா முன்பு மாசி மாதத்தில் நடந்தது, திருமலை நாயக்கர்தான் சித்திரைக்கு மாற்றினார் என்று பெரியவர்கள் சொல்வதை அப்போது சொல்லலாம்.

வெளி வீதிக்கு அருகில் கோட்டைச்சுவர் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் காலத்தில் அதை இடித்தார்கள். அந்த வேலையில் இருந்தவர்கள் பெயர்தான் பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி. அந்தக் கலெக்டரின் நினைவாக வைத்ததுதான் விளக்குத்தூண். துணி எடுக்க, ஜிகர்தண்டா குடிக்க என்று அந்த வழியாக எத்தனை தடவை போயிருப்போம்! அது எதற்காக நிற்கிறது என்று நம் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெருமையோடு வலியையும் சொல்லுங்கள்

கோயிலுக்குள் 2018 முதல் செல்போன் கொண்டுபோக முடியாது. விருந்தாளிக்கு இது கஷ்டமாக இருக்கும். எனக்கு இது நல்லதாகத்தான் படுகிறது. படம் எடுக்க முடியாததால் கண்ணால் பார்ப்பார், நாம் சொல்வதைக் காதால் கேட்பார்.

என்ன சொல்வது? தெற்குக் கோபுரம் உயரம், ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண் என்பதெல்லாம் கைடு சொல்லிவிடுவார். இன்னொன்றை நாம் சொல்ல வேண்டும். 1939-ஆம் வருடம் ஜூலை 8-ஆம் தேதி வரைக்கும் இந்தக் கோயிலுக்குள் எல்லோரும் போக முடியாது. அன்றைக்குத்தான் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். தாழ்த்தப்பட்டவர்கள் என்று வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் முதன்முதலாக உள்ளே வந்தார்கள். இன்று நாம் வரிசையில் யார் முன்னால் யார் பின்னால் என்று பார்க்காமல் நிற்கிறோமே, அதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய போராட்டம் இருக்கிறது. கோபுரத்தைக் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கோயிலைத்தான் காட்டியிருக்கிறோம்.

அதேபோல மேல மாசி வீதியில் ஒரு மாடி வீடு. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, காந்தியடிகள் சட்டையையும் குல்லாவையும் விட்டுவிட்டு வேட்டித்துண்டோடு வெளியே வந்தது அந்த வீட்டிலிருந்துதான். உலகமே பார்த்த அந்தக் கோலம் நம் தெருவில் பிறந்தது! இன்று அங்கே கதர்க்கடை இருக்கிறது. ஷாப்பிங் போகிற அவசரத்தில் நிமிர்ந்து பார்ப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

பாலத்தில் ஐந்து நிமிடம்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாயங்காலம் வெயில் தணிந்ததும் ஏ.வி. பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆல்பர்ட் விக்டர் பாலம், 1889-இல் திறந்தது. நூறு வருடத்துக்கும் மேலாகி இன்னும் ஊரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஓரமாக நின்று ஆற்றைக் காட்டுங்கள்.

"இதுவா வைகை?" என்று கேட்பான். கேட்கட்டும். அந்தக் கேள்விக்காகத்தான் கூட்டிக்கொண்டு போகிறோம்.

பதில் சொல்லணும் என்றால் நாம் படித்திருக்கணும். வைகை வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. மேற்கே ஓடிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியது பென்னிகுவிக் கட்டிய அணை, 1895-இல். வைகை அணை வந்தது 1959-இல். அந்தத் தண்ணீர்தான் வயலுக்கும் நம் வீட்டுக் குழாய்க்கும் வருகிறது. அதனால் ஊருக்குள் ஆறு பல மாதம் மணலும் புதருமாகக் கிடக்கிறது. அழகர் இறங்குவதற்காக அணையைத் திறந்துவிடுவார்கள், அன்றைக்குக் கூட்டம் கூடிக் கும்பிடுவோம். மற்ற நாளில் அங்கே ஓடுவது மழைத்தண்ணீர் இல்லை. நம் தெருக்களிலிருந்து போன சாக்கடை! குப்பைப் பையும் நம் கையிலிருந்து போனதுதான். இதை வெட்கப்படாமல் சொல்லணும்.

கீழடியில் தோண்டி எடுத்த பொருட்களை எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். 2,600 வருடப் பழமை என்கிறோம். அதை வைக்க 2023-இல் அருங்காட்சியகமே திறந்தாயிற்று. அந்த ஊர் எங்கே இருந்தது? இதே வைகைக் கரையில்! மாங்குடி மருதனாரும் மதுரையைச் சொல்லும்போது வையையை விட்டுவிடவில்லை. பரிபாடலில் அதற்கென்றே தனியாகப் பாட்டுகள் இருக்கின்றன. பழைய வைகையைப் பற்றி மேடையில் பேசுவோம், இன்றைய வைகை வந்தால் மூக்கைப் பொத்துவோம் என்றால் என்ன நியாயம்?

"விருந்தாளிக்குச் சாக்கடையையா காட்டுறது?"

இப்படிச் சிலர் கேட்பார்கள் என்று தெரியும். "வந்த பிள்ளை சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும், உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று வீட்டுப் பெரியவர்களே சொல்லலாம். அவர்கள் சொல்வதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் அம்மா என்ன செய்கிறார்? வாசல் தெளிக்கிறார், ஒட்டடை அடிக்கிறார். விருந்தாளி பார்ப்பார் என்பதால்தானே அத்தனை சுத்தம்? வைகையை யாருக்கும் காட்டப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டதால்தான் அதை யாரும் கூட்டிப் பெருக்கவும் இல்லை. காட்டித்தான் ஆகணும் என்று ஆகிவிட்டால் நமக்கே ஒரு கூச்சம் வரும். அந்தக் கூச்சம் நல்லது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களை அப்படியே தெப்பக்குளத்துக்கு அழைத்துப் போங்கள். திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டியது, சுமார் 16 ஏக்கர். நம் அண்ணன்மார்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் குளத்துக்குள் கிரிக்கெட் ஆடியதைக் கதை கதையாகச் சொல்வார்கள். தண்ணீர் இல்லாமல் அத்தனை வருடம் காய்ந்து கிடந்தது. பனையூர் கால்வாயைச் சரிசெய்தார்கள், வைகைத் தண்ணீர் குளத்துக்கு வந்தது. இன்று சாயங்காலம் படியில் உட்கார இடம் கிடைப்பதில்லை. வழியை அடைக்காமல் விட்டால் தண்ணீர் வரும் என்பதற்குக் கண்முன்னே சாட்சி!

ஆகவே சுற்றிக் காட்டும் வரிசையில் முதலில் பாலம், பிறகு தெப்பக்குளம். பாலத்தில் வருத்தம் வந்தால் குளக்கரையில் நம்பிக்கை வரும்.

முதலில் நாம் பார்ப்போம்

இதற்குப் பெரிய செலவு எதுவும் கிடையாது. டவுன் பஸ் போதும். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட்டே இல்லை. தேவை கொஞ்சம் நடையும் கொஞ்சம் விவரமும்தான். வரும் லீவுக்கு முன்னால் ஒவ்வொருவரும் நம் தெருவைப் பற்றி மூன்று விவரம் தெரிந்துகொள்ளலாம். பெயர் எப்படி வந்தது, பழைய கிணறோ ஊருணியோ இருந்ததா, நம் தெருத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது. தாத்தா பாட்டியைக் கேளுங்கள், சமூக அறிவியல் ஆசிரியரைக் கேளுங்கள். தெரிந்ததை இந்தத் தாளுக்குக் கீழே விட்டிருக்கும் வெற்றிடத்தில் எழுதுங்கள். என் கருத்து தப்பு என்று நினைப்பவர்களும் தாராளமாக எழுதலாம்!

அடுத்த தடவை பாலம் வரும்போது கண்ணாடியை ஏற்றச் சொல்லாதீர்கள். வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்கள்.

— பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு