தேர் ஈந்த பின்னர்

தலையங்கம் எழுதுவோர் தம்மை ‘நாம்’ என்று சொல்லிக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஊரின் பொதுக் கருத்தை உரைக்கும்போது அது பொருந்தும். முழங்கால் நோவையும் மூச்சிளைப்பையும் பன்மையில் சொல்லுதல் பொருந்தாது. ஆகவே இவ்வாரம் மட்டும் ‘நான்’ என்று எழுதுகின்றேன்; வாசகர் பொறுத்தருள்க.

திருகோணமலைக்கு நான் வந்து ஓராண்டு நிறையவில்லை. துறைமுக நகரின் ஆசிரியர் சிலரும் இளைஞர் சிலரும் கூடி, நெடுந்தொலைவு நடந்து பாடசாலைக்கு வரும் மாணாக்கருக்குத் துவிச்சக்கரவண்டி வாங்கிக் கொடுப்பதற்காக ஒரு சவாரியை ஒழுங்கு செய்தனர். பிரட்றிக் கோட்டை முன்றலிலிருந்து கிண்ணியா வரை சென்று மீளுதல் வேண்டும். செல்வோர் ஒவ்வொருவரும் தம் உற்றார் நண்பரிடம், ‘நான் இத்தனை தூரம் மிதிக்கின்றேன், நீர் இயன்றதைத் தாரும்’ என்று கேட்டுப் பெற்ற பொருளை நிதியிற் சேர்த்தல் வேண்டும். பதிவேட்டில் என் பெயரை எழுதிய இளைஞர், ‘ஐயா புதியவரோ?’ என்று கேட்டார். ஊருக்குப் புதியவரோ, வண்டிக்குப் புதியவரோ என்று அவர் விளக்கவில்லை. இரண்டிற்கும் சேர்த்து ‘ஆம்’ என்றேன். நான் கடைசியாக வண்டி மிதித்து இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

புறப்படுமுன் என் மனத்தில் ஓர் ஐயம் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. பிள்ளைகளுக்கு வண்டி வேண்டுமாயின் பணத்தைக் கொடுத்துவிடலாமே; அதற்கு ஏன் நாற்பது கிலோமீற்றர் வியர்க்க வேண்டும்? இக்கேள்வி புதிதன்று. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் 1980இல் 36 பேர் புற்றுநோய் ஆராய்ச்சிக்கெனப் பொருள் திரட்டி வண்டி மிதித்தபோதும் இக்கேள்வி எழுந்திருக்கும். அச்சவாரி இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்ளும் பெருவிழாவாக வளர்ந்திருக்கின்றது. நம் நாட்டிலும் 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, இலங்கையின் தென்கோடி தொடங்கி வடகோடி மட்டும், கால்நடையாக ஒரு பயணம் நடந்தது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்ப்பதே அதன் நோக்கம். 2016இல் அதே வழியைத் திருப்பி நடந்து, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்கு நிதி திரட்டினர். நடவாமலே அப்பணம் சேர்ந்திருக்குமா என்பது ஒரு கேள்வி. நடந்தவர்களுக்கு அந்நடை எதைக் கற்பித்தது என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டாவது கேள்விக்குத்தான் கிண்ணியா வீதி எனக்கு விடை தந்தது.

ஆடி மாதத்து விடியல். கோணேசர் மலைக்குப் பின்னால் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. புதுச் சட்டை அணிந்து, புகைப்படமும் எடுத்துக்கொண்டு, கரகோஷத்துடன் நாங்கள் புறப்பட்டோம். உட்துறைமுக வீதியைத் தாண்டு முன்னரே எங்களை ஒருவர் முந்திச் சென்றார். பின்னிருக்கையில் மீன்பெட்டி, கைபிடியில் தராசு. வண்டியோ எங்கள் வண்டிகளைவிட முப்பது ஆண்டு மூத்தது. அவருக்குப் பின் வேலைக்குச் செல்லும் தொழிலாளர் இருவர் முந்தினர். பின்னர் தங்கையை முன் கம்பியில் இருத்திய மாணவன் ஒருவன் மணியடித்துக்கொண்டு முந்தினான். நாங்கள் ஒரு நாளைக்குச் செய்வதை அவர்கள் நாள்தோறும் செய்கின்றனர். அவர்களுக்குக் கைதட்டுவோர் எவருமிலர். எங்கள் புதுச் சட்டை அவ்விடத்தில் எனக்குச் சற்றே கூச்சத்தைத் தந்தது.

சீனக்குடாவை அணுகியபோது கச்சான் காற்று எதிர்த்தடித்தது. இப்பகுதியில்தான் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் ஆங்கிலேயர் எழுப்பிய எண்ணெய்க் குதங்கள் காட்டுக்குள்ளே நிற்கின்றன. அவை 99 என்று கணக்குச் சொல்வர். 2022இல் நாடு முழுவதும் எரிபொருளின்றித் தவித்தபோது, இக்குதங்களிற் பெரும்பாலானவை வெறுமையாகவே நின்றன. இவற்றைச் சூழ வாழும் மக்கள் மூலையில் கிடந்த துவிச்சக்கரவண்டிகளைத் துடைத்தெடுத்து ஏறினர். அவ்வாண்டில் வண்டியின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏழையின் கைக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றதை வாசகர் மறந்திருக்கமாட்டார். முன்னாளில் கௌரவக் குறைவென்று ஒதுக்கப்பட்ட வண்டி அன்று கிடைத்தற்கரிய பொருளாயிற்று.

கிண்ணியாப் பாலத்தில் ஏறினேன். 2009இல் திறக்கப்பட்ட இப்பாலத்தின் நீளம் 396 மீற்றர். அதற்கு முன்னர் இவ்விடத்தைத் தோணியிலும் பாதையிலும் கடந்தனர். மோட்டார் வண்டியில் கடப்பவருக்கு 396 மீற்றர் என்பது ஓர் இமைப்பொழுது. கச்சான் காற்று பக்கவாட்டில் தள்ள, மிதித்துக் கடப்பவருக்கோ அது ஒரு பெருவழி. வரைபடத்தில் விரலளவாய்க் கிடந்த தூரம் என் முழங்காலுக்குள் புகுந்து தன் உண்மை அளவைச் சொல்லிற்று.

பாலத்திற்கு அப்பால் என் பின்சக்கரம் காற்றிழந்தது. வீதியோரத்து வண்டி திருத்தும் கொட்டிலுக்கு உருட்டிச் சென்றேன். முதியவர் ஒருவர் ரியூப்பைக் கழற்றித் தண்ணீரில் அமிழ்த்தித் துளையைத் தேடினார். எதற்காக ஓடுகின்றோம் என்று கேட்டார், சொன்னேன். அவர் கொட்டிலின் பின்சுவரைக் கண்ணால் காட்டினார். அங்கே மூன்று வண்டிகள் ஒன்றன்மேலொன்று சாய்ந்து கிடந்தன. மூன்றிலும் துரு, ஒன்றிற்குச் சங்கிலி இல்லை. சேற்றுக்காப்பில் யாரோ கொடையாளரின் பெயர் பாதி அழிந்து தெரிந்தது. அதை இங்கு எழுதேன்.

‘இந்தா நிக்கிற மூணும் குடுத்த சைக்கிள்தான் சேர். சைக்கிள் குடுக்கிறாங்க, சந்தோசம். ரயர் போனா ஆரு குடுக்கிற? சோத்துக்குப் பாக்கிறதா, ரயருக்குப் பாக்கிறதா?’ என்றார்.

ஒட்டுப்போட்டு முடித்ததும் கூலி கேட்டேன். ‘நம்மட புள்ளைகளுக்குத்தானே ஓடுறீங்க, போங்க சேர்’ என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பு முனையாக அமைந்த பாடசாலையில் எங்களுக்கு வெறுந்தேநீரும் இடியப்பமும் வைத்திருந்தனர். தண்ணீர் கொண்டுவந்த சிறுமியிடம், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அவள் கிலோமீற்றர் சொல்லவில்லை. ‘நடந்தா ஒரு மணித்தியாலம் சேர். மழைக்கு வரமாட்டன்’ என்றாள். போக ஒரு மணி, வர ஒரு மணி. ஆண்டிற்கு 200 பாடசாலை நாட்கள் என்று கொண்டால், அவள் வழியிலே கழிப்பது 400 மணித்தியாலம். இப்பெருந்துறையைப் பிடிப்பதற்காகப் போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்தனர். துறைமுகத்தின் ஆழத்தை எத்தனையோ அரசுகள் அளந்து பார்த்தன. அதன் கரையில் ஒரு பிள்ளை நாள்தோறும் நடக்கும் தூரத்தை அளந்தவர் யார்?

தமிழ் மரபில் கொடையும் வழியும் என்றும் இணைந்தே வந்தன. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே, பரிசில் பெற்ற ஒருவன் பெறாதவனுக்கு வழி காட்டுவதன்றோ? முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையை நம் மாணாக்கர் அனைவரும் அறிவர். அக்கதையில் நாம் கவனியாது விடும் செய்தி ஒன்றுண்டு. பாரி அரண்மனையில் இருந்துகொண்டு அக்கொடையை அளிக்கவில்லை. வழியிற் சென்றான், அதனால் கொழுகொம்பின்றித் தவித்த கொடியைக் கண்டான். சென்றதனால் கண்டான், கண்டதனால் கொடுத்தான். சவாரி எதற்கு என்ற என் ஐயத்திற்கு விடை இதுவே. பணம் இருந்த இடத்திலிருந்தே போய்ச் சேரும். அறிவு அவ்வாறு வந்து சேராது.

ஆயினும் பாரியின் தேரை இக்காலத்திற்கு அப்படியே அளவுகோலாகக் கொள்ளுதல் இயலாது. முல்லைக்கு வேண்டியது படர்வதற்கொரு பிடி. தேர் அசையாமல் நின்றாற் போதும். பாடசாலைப் பிள்ளைக்கு ஈயும் தேர் நாள்தோறும் ஓட வேண்டும். ஓடாத தேர் கொட்டிலின் பின்சுவரில் துருவேறும். அதில் கொடையாளரின் பெயர் மட்டுமே படரும்.

இது வெறும் உவமையன்று. 2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தபின், சிக்காகோவில் துவிச்சக்கரவண்டி உதிரிப்பாகம் செய்யும் நிறுவனமொன்றின் நிறுவுநருள் ஒருவரான எஃப். கே. டே என்பவர், 2005இல் ‘வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். அதன் முதற் பணி நடந்த நாடு நம் இலங்கையே. 24,000க்கு மேற்பட்ட வண்டிகள் இங்கு வழங்கப்பட்டன. பின்னர் அவ்வமைப்பு சாம்பியா முதலிய ஆபிரிக்க நாடுகளுக்குச் சென்றபோது, வண்டி கொடுப்பதோடு நில்லாமல், கரடுமுரடான பாதைக்கேற்ற உறுதியான வண்டியை வடிவமைத்தது. ஊர் தோறும் திருத்துநரைப் பயிற்றியது. உதிரிப்பாகம் கிடைக்க வழி செய்தது. பாடசாலையில் மேற்பார்வைக் குழுவும் அமைத்தது. சாம்பியாவின் கிராமப்புற மாணவியரிடையே நடந்த ஆய்வில், வழியிற் கழியும் நேரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததையும், பாடசாலைக்கு வராத நாட்கள் காற்பங்குக்கு மேல் குறைந்ததையும் கண்டனர்.

இந்தியாவின் பீகார் மாநிலம் 2006இல் ஒன்பதாம் வகுப்பிற் சேரும் மாணவியருக்கு வண்டி வாங்கப் பணம் வழங்கத் தொடங்கிற்று. அதன் பயனை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியலறிஞர், உயர்நிலைப் பள்ளியிற் சேரும் மாணவியர் தொகை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததாகக் கூறினர். அவ்வுயர்வு பெரிதும் காணப்பட்டது பள்ளிக்கு மூன்று கிலோமீற்றருக்கு அப்பாற்பட்ட ஊர்களிலேயே. தமிழகத்தின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பரவியபோது, இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் எழுத்தோடு வண்டியும் ஓட்டக் கற்றனர். தூரத்தைக் குறைப்பதும் கல்வியின் ஒரு பகுதியே என்பதை இவை காட்டுகின்றன.

இவற்றை நோக்குமிடத்து, சவாரியை ஒழுங்கு செய்த நண்பருக்கு மூன்று விண்ணப்பங்களைப் பணிவுடன் வைக்கின்றேன். முதலாவது, சேரும் நிதியில் ஐந்தில் ஒரு பங்கையேனும் வண்டி வாங்கச் செலவிடாது, ரயருக்கும் ரியூப்பிற்கும் சங்கிலிக்கும் ஒதுக்குக. கிண்ணியா முதியவர் போன்றோரின் கொட்டில்களில் சீட்டைக் காட்டிப் பிள்ளைகள் திருத்திக்கொள்ளட்டும். அவர்களுக்குரிய கூலியை நிதி கொடுக்கட்டும். ஏழையின் ஈகையை நாம் வாங்கிக்கொண்டு, அதற்கு நம் பெயரைச் சூட்டுதல் முறையன்று. இரண்டாவது, வண்டியை யாருக்குக் கொடுப்பது என்பதைச் சிபாரிசு முடிவு செய்யலாகாது. தூரம் முடிவு செய்யட்டும். ஆசிரியர் ஒருவர் பிள்ளையோடு ஒரு நாள் வீடுவரை நடந்து பார்த்தால் எந்த விண்ணப்பப் படிவமும் வேண்டுவதில்லை. மூன்றாவது, வரவு செலவுக் கணக்கைப் பகிரங்கமாக வெளியிடுக. ஓராண்டு கழித்து, கொடுத்த வண்டிகளுள் எத்தனை இன்னும் ஓடுகின்றன என்பதையும் அதனுடன் வெளியிடுக. கொடுத்த நாளில் எடுக்கும் படத்தைவிட அவ்வெண்ணே சான்றாகும்.

இவ்விண்ணப்பங்களுக்கு ஒரு மறுப்பு உண்டு. திருத்தப் பணம் ஒதுக்கினால் வண்டிகளின் தொகை குறையுமே, சில பிள்ளைகள் விடுபடுவரே என்பர். மறுப்பு நியாயமானதே. எண்ணிக்கை குறையும், விடுபடும் பிள்ளையின் முகத்தை நோக்கி இதைச் சொல்லுதல் எளிதன்று. ஆனால் ஆறு திங்களில் சுவரில் சாயும் வண்டியைப் பெறும் பிள்ளை இருமுறை இழக்கின்றது: முதலில் வண்டியை, பின்னர் கொடுப்பவர் மீதிருந்த நம்பிக்கையை. அடுத்த முறை கொடுக்கச் செல்வோரை அவ்வீடு ஐயத்துடன்தான் வரவேற்கும்.

மீளும் வழியில் நான் எல்லோருக்கும் பிந்தியே கோட்டை முன்றலை அடைந்தேன். வரவேற்கக் கூடியிருந்தோர் கலைந்துவிட்டனர். பதிவேட்டு இளைஞர் மட்டும் காத்திருந்து, என் பெயருக்கு எதிரே ‘முடித்தார்’ என்று எழுதினார். நான் அவரிடம் ஏட்டை வாங்கி, கொடையாளர் பக்கத்தில், ‘கிண்ணியா, வண்டி திருத்துநர் ஒருவர், ஓர் ஒட்டுக்கூலி’ என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். அவர் சற்றே யோசித்து, ‘தொகை என்ன போடுவது ஐயா?’ என்றார். கூலியை அம்முதியவர் சொல்லவேயில்லை. தொகைக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டு அவ்வரியை எழுதினோம்.