பெருமாள் முன் பாடுவது யார்? காஞ்சீபுரத்தில் தீராத வடகலை-தென்கலை தகராறு

காஞ்சீபுரம் வரதராஜ பெருமாள் கோவிலில் சாமி புறப்பாடு என்றால் பாதுகாப்புக்கு போலீஸ் நிற்பது புதிதல்ல. காரணம் திருடர்கள் அல்ல. பெருமாள் முன் பிரபந்தம் பாடுவது யார் என்று வடகலையாரும் தென்கலையாரும் மோதிக்கொள்வதுதான்.

இருவருக்கும் பெருமாள் ஒருவரே. ராமானுஜர்தான் குரு. பாடுவதும் அதே நாலாயிர திவ்ய பிரபந்தம். அப்புறம் என்ன சண்டை?

தொடக்கத்திலேயே தகராறு

பாசுரத்துக்கு முன் ஆச்சாரியாரை வணங்கி ஒரு சுலோகம் சொல்ல வேண்டும். தென்கலையார் மணவாள மாமுனிகளை வணங்குவார்கள். வடகலையார் வேதாந்த தேசிகரை வணங்குவார்கள். தேசிகர் பிறந்த தூப்புல் காஞ்சீபுரத்திலேயே இருக்கிறது.

கொள்கையிலும் வேறுபாடு உண்டு. குரங்குக்குட்டி தாயைப் பிடித்துக்கொள்வது போல பக்தனும் முயல வேண்டும் என்பது வடகலை. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வது போல கடவுளே காப்பாற்றுவார் என்பது தென்கலை.

ஆனால் கோர்ட்டில் நடப்பது குரங்கு, பூனை வழக்கு அல்ல. கோஷ்டியில் யாருக்கு இடம், யாருக்கு மரியாதை என்ற உரிமை வழக்கு.

நூறு ஆண்டுக்கு மேல்

வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய வழக்கு இது. பழைய தீர்ப்புகளே எங்கள் உரிமைக்கு சாட்சி என்கிறார்கள் தென்கலையார். வழிபடும் உரிமை எல்லோருக்கும் சமம் என்கிறார்கள் வடகலையார். 2022-ல் ஐகோர்ட்டு தனி நீதிபதி இரு தரப்புக்கும் இடம் தந்து உத்தரவிட்டார். அதோடும் முடியவில்லை. அப்பீல் போட்டார்கள். 2025-ல் ஐகோர்ட்டு பெஞ்ச் தென்கலையாருக்கு சாதகமாக தீர்ப்பு சொன்னது. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய்விட்டது.

சொத்துத் தகராறு என்றால் ஆளுக்குப் பாதி என்று பேசி முடிக்கலாம். இங்கே விட்டுக்கொடுத்தால் குருவுக்கே துரோகம் என்று இரு தரப்பும் நம்புகிறது. அதனால்தான் எந்தத் தீர்ப்பு வந்தாலும் சண்டை ஓயவில்லை.

இதே வரதருக்கு விசிறி வீசியவர் திருக்கச்சி நம்பி. அவர் பிராமணர் அல்ல. ஆனாலும் ராமானுஜர் அவரை குருவாக மதித்தார். இந்தக் கதையை இரு கலையாரும் பக்தியோடு சொல்கிறார்கள்.

2019-ல் அத்திவரதரை 48 நாள் கால்கடுக்க நின்று கும்பிட்டுப் போன லட்சக்கணக்கான ஜனங்கள் எந்தக் கலை என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தேவை சாமி தரிசனம். சண்டை வந்து பல்லக்கு நின்றால் வெயிலில் காத்துக் கிடப்பதும் அவர்கள்தான்.