கையெழுத்து இல்லாத யோசனை

குமரி மாவட்டத்து வட்டக்கோட்டை மதில்மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் மலையடிவாரம் வரை வரிசைகட்டி நிற்கும் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பி முப்பந்தலில் வளர்ந்த தொழில் இது. அதே தொழிலில் நாடெங்கும் பெயரெடுத்த சுஸ்லான் நிறுவனத்தின் பங்கு இன்று 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கையில் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் சிறு முதலீட்டாளர்கள். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் இந்தப் பங்கைப் பற்றிய பேச்சு ஓய்ந்ததே இல்லை. சேமித்த பணத்தைப் பங்கில் போட நினைப்பவர் குழுவின் பேச்சைக் கேட்பதா, கணக்கையும் ஆய்வறிக்கையையும் பார்ப்பதா? சுஸ்லானின் கதையை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

2005-ல் சுஸ்லான் தன் பங்கை 510 ரூபாய்க்குக் கொடுத்துச் சந்தைக்கு வந்தது. 2008-ல் ஒரு பங்கு ஐந்தாகப் பிரிந்தது. அப்படிப் பார்த்தால் முதலில் வாங்கியவரின் அடக்கவிலை 102 ரூபாய். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் விலை 400 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. ஆனால் ஜெர்மனியின் ரீபவர் நிறுவனத்தை வாங்கியது, வெளிநாட்டுக் கடன் பத்திரங்களை வெளியிட்டது என்று சுமை ஏறிக்கொண்டே போனது. 2012 அக்டோபரில் 20 கோடி டாலருக்கு மேற்பட்ட பத்திரப் பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை. 2012-13 நிதியாண்டின் நட்டம் 4,724 கோடி ரூபாய். 2019-ல் மறுபடியும் தவணை தவறியது. 2020 மார்ச்சில் பங்கு இரண்டு ரூபாய் அளவுக்கு விழுந்தது. கடன் சீரமைப்புக்கும் 2022-ல் 5 ரூபாய்க்கு வந்த உரிமைப் பங்குக்கும் பிறகு நிறுவனம் எழுந்தது. 2024 செப்டம்பரில் விலை 86 ரூபாயைத் தொட்டது. குழுக்கள் கொண்டாடுவது இரண்டு ரூபாய் 86 ஆன கதையை மட்டும்தான். முதல் வெளியீட்டில் வாங்கிப் பத்தொன்பது ஆண்டு காத்திருந்தவருக்கு அந்த உச்சத்திலும் அடக்கவிலை தேறவில்லை என்பது கொண்டாட்டத்தில் அமுங்கிப் போகிறது. கடன் எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும், மொத்தப் பங்குகள் எத்தனை மடங்கு பெருகின, நிறுவனர்கள் எவ்வளவை அடகு வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஆண்டறிக்கையிலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குச் சந்தையின் இணையதளத்தில் ஏறும் அறிக்கைகளிலும் இருப்பவை. பார்க்க விரும்பியவருக்கு அவை எப்போதும் திறந்தே இருந்தன.

குழுவில் இருப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒரு தொழிலில் இருபது ஆண்டு உழைத்தவர், அறைக்குள் உட்கார்ந்து அறிக்கை எழுதுபவரைவிட அதன் நெளிவு சுளிவுகளை அறிந்திருப்பார். வித்தியாசம் அறிவில் இல்லை, பொறுப்பில் இருக்கிறது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பதிவு பெற்ற ஆய்வாளர் தாம் எழுதும் நிறுவனத்தில் தமக்குப் பங்கு உண்டா என்று வெளிப்படுத்த வேண்டும். அறிக்கை வெளியாவதற்கு 30 நாள் முன்பிருந்து 5 நாள் பின்பு வரை அந்தப் பங்கை அவர் வாங்கவோ விற்கவோ கூடாது. டெலிகிராமில் 'டிப்ஸ்' கொடுப்பவர் காலையில் தாம் வாங்கிவிட்டு, பத்து மணிக்கு உங்களை வாங்கச் சொல்லி, மதியம் உங்கள் தலையிலேயே விற்றுவிட்டுப் போனாலும் உங்களுக்குத் தெரிய வழியில்லை.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2022 ஜூலையில் சாத்னா பிராட்காஸ்ட் என்ற சிறு நிறுவனத்தை அதானி குழுமம் வாங்கப்போகிறது என்று யூடியூபில் வீடியோக்கள் வந்தன. பொய்ச் செய்தி. ஆனால் அந்தக் காலகட்டத்தில் அந்தப் பங்கை வைத்திருந்த சிறு முதலீட்டாளர்களின் எண்ணிக்கை 2,167-லிருந்து 55,343 ஆனது என்று 2023 மார்ச்சில் செபி தன் உத்தரவில் குறிப்பிட்டது. ஏறிய விலையில் விற்றுவிட்டு வெளியேறியவர்களில் நிறுவனத்தின் உள்வட்டத்தாரும் இருந்தார்கள். 2025 மே மாதம் 59 பேருக்குச் சந்தையில் தடை விதிக்கப்பட்டது. வீடியோவுக்கும் தடைக்கும் இடையே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். மாட்டிக்கொண்டவருக்கு அது எந்த விதத்தில் ஆறுதல்?

ஆய்வறிக்கையை நம்பியவர்களும் ஏமாறவில்லையா என்று கேட்பார்கள். ஏமாந்தார்கள். சத்யம் நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கையாளர்கள் சரி என்றார்கள். இல்லாத 5,040 கோடி ரூபாய் ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டப்பட்டிருந்தது 2009 ஜனவரியில் அதன் தலைவர் எழுதிய கடிதத்தால்தான் வெளிவந்தது. புரோக்கர் நிறுவனங்களின் அறிக்கைகளில் 'வாங்கு' என்பது மலிந்தும் 'விற்றுவிடு' என்பது அரிதாகவும் இருப்பது இன்றைக்கும் உள்ள குறை. ஆனாலும் சத்யம் கணக்கில் கையெழுத்துகள் இருந்தன. அதனால்தான் 2015-ல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதிக்க முடிந்தது. பெயரை மாற்றிக்கொண்டு நாளைக்கே வேறு சேனல் தொடங்குபவரை எந்தக் கூண்டில் ஏற்றுவது? சுஸ்லானை இரண்டு ரூபாய்க்கு வாங்கி லாபம் பார்த்தவர்கள் இல்லையா என்றும் கேட்கலாம். உண்டு. அதே ஆண்டுகளில் அதே விலையில் கிடந்து மண்ணோடு மண்ணாகப் போன பங்குகளை வைத்திருந்தவர்கள் குழுவில் வாய் திறப்பதில்லை. அதனால் குழுவின் கணக்கில் வென்றவர்கள் மட்டுமே பதிவாகிறார்கள்.

எனவே குழுவை விட்டு ஓட வேண்டியதில்லை. அங்கே கிடைக்கும் சந்தேகங்களை எடுத்துக்கொண்டு ஆண்டறிக்கைக்குப் போகலாம். அங்கே கிடைக்கும் விலைக் கணிப்பை எடுத்துக்கொண்டு புரோக்கர் செயலிக்குப் போகக் கூடாது. இதற்கு வரும் மறுப்புகளில் நியாயமானது ஒன்றுதான்: ஆண்டறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆலோசகருக்குக் கட்டணம் கட்ட வேண்டும், அவர் நம்மூரில் இல்லை. 2020 தொடக்கத்தில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் இன்று 20 கோடியைத் தாண்டிவிட்டன. செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் நாடு முழுவதற்கும் ஆயிரத்தைச் சுற்றியே இருக்கிறார்கள். அஞ்சுகிராமத்திலோ கொட்டாரத்திலோ இருக்கும் ஒருவருக்குத் தமிழில், இலவசமாக, உடனே கிடைப்பது குழுவின் பேச்சுதான். அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒவ்வொரு நிறுவனமும் கடன், ரொக்க வரவு, மொத்தப் பங்குகள், அடகு, தணிக்கையாளரின் ஆட்சேபம் ஆகிய ஐந்தையும் இரண்டு பக்கத்தில் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று செபி விதி செய்யட்டும். செலவுக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள், பங்கு வாங்கிய அன்று வரும் கான்ட்ராக்ட் நோட்டைப் பார்க்கட்டும். சந்தைக் கட்டணம், செபி கட்டணம் என்று தனித்தனி வரியில் ஒவ்வொரு முதலீட்டாளரிடமும் பணம் பிடிக்கப்படுகிறது. குமரியிலிருந்து வாங்குபவருக்கும் அதே கட்டணம்தான்.