கே2: பெயர் வைக்க ஊர் இல்லாத மலை!

1954-ம் ஆண்டு ஜூலை 30. இருட்டிக்கொண்டு வந்தது. கே2 சிகரத்தில், சுமார் 8,100 மீட்டர் உயரத்தில் இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இத்தாலியைச் சேர்ந்த வால்டர் பொனாட்டி. மற்றவர் ஹன்ஸா பகுதியைச் சேர்ந்த சுமைதூக்கி அமீர் மெஹ்தி. மறுநாள் உச்சிக்குப் போகவிருந்த இரண்டு இத்தாலியர்களுக்காக ஆக்ஸிஜன் சிலிண்டர்களைச் சுமந்து வந்திருந்தார்கள்.

ஆனால், பேசி வைத்த இடத்தில் கூடாரம் இல்லை. அது இன்னும் மேலே, பாறைகளுக்கு அப்பால் போடப்பட்டிருந்தது. இருட்டில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. பனியை வெட்டி, உட்காரும் அளவுக்கு ஒரு திட்டு அமைத்து, கூடாரமும் உறங்கும் பையும் இல்லாமல் அந்த இரவைக் கழித்தார்கள். மெஹ்தியின் காலில் இருந்தவை உயர்மலைக்கான பூட்ஸ் அல்ல, சாதாரண ராணுவ பூட்ஸ்!

இருவரும் பிழைத்தார்கள். அவர்கள் விட்டுவந்த சிலிண்டர்களை எடுத்துக்கொண்டு அகில்லே கொம்பன்யோனியும் லினோ லாசெதெல்லியும் ஜூலை 31 அன்று உச்சியைத் தொட்டார்கள். கே2-வில் மனிதக் கால் பட்டது அதுவே முதல்முறை. மெஹ்தியோ, உறைந்துபோன கால்விரல்கள் அத்தனையையும் இழந்தார்.

பெயர் வந்த கதை

கே2-வின் உயரம் 8,611 மீட்டர். எவரெஸ்ட்டைவிட 240 மீட்டர்கூடக் குறைவில்லை. பாகிஸ்தான் நிர்வாகத்தில் இருக்கும் கில்கித்-பல்திஸ்தானுக்கும் சீனாவுக்கும் இடையே, காரகோரம் மலைத்தொடரில் நிற்கிறது.

இந்தப் பெயருக்குப் பின்னால் சென்னைக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 1802-ல் பரங்கிமலை அருகே லாம்ப்டன் தொடங்கிய நில அளவைப் பணி, வடக்கே நகர்ந்து நகர்ந்து 1856-ல் காஷ்மீரை எட்டியிருந்தது. அங்கே தாமஸ் மான்ட்கோமரி என்ற அதிகாரி, 200 கிலோமீட்டருக்கு அப்பால் தெரிந்த சிகரங்களை வரைந்து கே1, கே2 என்று குறித்துக்கொண்டார். 'கே' என்றால் காரகோரம். கே1-க்கு மாஷர்ப்ரம் என்ற உள்ளூர்ப் பெயர் இருப்பது பிறகு தெரிந்தது. கே2-வுக்கு மட்டும் ஊரறிந்த பெயர் எதுவும் கிடைக்கவில்லை. காரணம், எந்த ஊரிலிருந்தும் பார்க்க முடியாத அளவுக்கு உள்ளே ஒளிந்திருந்தது அந்த மலை.

இன்றும் அப்படித்தான். கடைசிக் கிராமமான அஸ்கோலியிலிருந்து, 60 கிலோமீட்டருக்கும் நீளமான பால்தோரோ பனியாற்றின் மேல் ஒரு வாரம் நடந்தால்தான் அடிவார முகாம் வரும்.

வடக்கே போனால் குளிர் கூடும்

எவரெஸ்ட்டிலிருந்து ஏறக்குறைய 8 பாகை வடக்கே இருக்கிறது கே2. அதனால் குளிர் கடுமை. வடக்கே போகப்போக வளிமண்டலத்தின் அடர்த்தியான கீழடுக்கு மெலிவதால், அதே உயரத்திலும் காற்றழுத்தம் கொஞ்சம் குறைவு. குளிர்காலத்தில் அதிவேக மேல்காற்று சிகரத்தையே அறையும். கோடையிலும் வானம் தெளிந்து காற்று அடங்குவது சில நாள்கள்தான். பெரும்பாலும் ஜூலைக் கடைசியில் வரும் அந்த நாள்களுக்காக, ஏறுபவர்கள் வாரக்கணக்கில் முகாமில் காத்துக் கிடப்பார்கள்.

8,000 மீட்டருக்கு மேலே இருப்பது 'மரண மண்டலம்'. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடற்கரையில் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும், புத்தி தடுமாறும். கையுறையைக் கழற்றக் கூடாது என்பதுகூட மறந்துபோகும்.

பாட்டில்நெக்

உச்சிக்குச் சுமார் 400 மீட்டர் கீழே, பாட்டில் கழுத்தைப் போன்ற குறுகலான, செங்குத்தான பனிச்சந்து ஒன்று இருக்கிறது. வழக்கமான பாதையில் அதைத் தவிர்க்க முடியாது. அதன் தலைக்கு மேலேயே பல மாடிக் கட்டடம்போலப் பனிப்பாறைகள் தொங்குகின்றன. எப்போது உடைந்து விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2008 ஆகஸ்ட் 1 அன்று அவை உடைந்தன. இறங்குவதற்காகக் கட்டியிருந்த கயிறுகள் அறுந்தன. இரண்டு நாள்களில் 11 பேர் இறந்தார்கள். அந்த இருட்டில் பாசாங் லாமா என்ற நேபாளி, பனிக்கோடரி இல்லாமல் மேலே மாட்டிக்கொண்டார். கயிற்றைப் பொருத்துவதற்காகத் தன் கோடரியை ஏற்கெனவே கொடுத்திருந்தார் அவர். சிரிங் டோர்ஜே ஷெர்பா அவரைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஒரே கோடரியால் இருவரையும் தாங்கியபடி பாட்டில்நெக்கில் இறங்கினார். இருவரும் பிழைத்தார்கள்.

உச்சியில் பத்துப் பேர்

8,000 மீட்டரைத் தாண்டிய 14 சிகரங்களில், குளிர்காலத்தில் யாருக்கும் பணியாமல் கடைசிவரை நின்றது கே2 மட்டும்தான். 2021 ஜனவரி 16 அன்று அதுவும் முடிந்தது. ஏறியவர்கள் பத்து நேபாளிகள். உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று, எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்து, ஒன்றாக நடந்துபோய் உச்சியைத் தொட்டார்கள். காலங்காலமாக மற்றவர்களுக்குச் சுமை தூக்கிய சமூகத்தினர், அன்று தங்களுக்காக ஏறினார்கள்.

ஆனாலும் பழைய கணக்கு முழுசாகத் தீரவில்லை. 2023 ஜூலையில் அதே பாட்டில்நெக் பகுதியில் பாகிஸ்தானைச் சேர்ந்த சுமைதூக்கி ஒருவர் தவறி விழுந்து, அங்கேயே உயிரிழந்தார். உச்சியை நோக்கிப் பலர் அவரைக் கடந்து போகும் காட்சி வெளியாகி, உலகம் முழுக்கக் கேள்விகள் எழுந்தன. உயர்மலைக்கு வேண்டிய உடையும் கருவிகளும் அவரிடம் சரிவர இல்லை என்பதும் பேசப்பட்டது. ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்கு முன் மெஹ்தியின் காலில் இருந்த ராணுவ பூட்ஸ் பலருக்கு நினைவு வந்திருக்கும்.

மெஹ்தி அதன் பிறகு மலை ஏறவில்லை, 1999-ல் காலமானார். அந்த இரவைப் பற்றி பொனாட்டி சொல்லிவந்ததே உண்மை என்று இத்தாலிய மலையேற்றச் சங்கம் ஏற்றுக்கொள்ள 50 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தச் செய்தியைக் கேட்க மெஹ்தி உயிரோடு இல்லை.