வலிக்காத கடி



குளவி கொட்டினால் வீடே கூடிவிடுகிறது. ஒருவர் சுண்ணாம்பைத் தேடுகிறார், இன்னொருவர் ஆட்டோவைக் கூப்பிடுகிறார். வலிக்கிற கடிக்கு நாம் கொடுக்கும் மரியாதை அது. வலிக்காத கடியை யாரும் கண்டுகொள்வதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஐப்பசியில் கிராமத்தில் இருக்கும் என் சித்திக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு நாளாகியும் இறங்கவில்லை. தலைவலி, உடம்பு முறிக்கிற வலி. தட்டணுக்கள் குறைந்திருந்ததால் டெங்கு என்றே நினைத்தோம். பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. கடைசியில் ஒரு செவிலியர், “புல்லறுக்கப் போனீங்களாம்மா?” என்று கேட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் அழைத்துப் போய் உடம்பு முழுக்கப் பார்த்தார். பாவாடை நாடா இறுகும் இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பக்கு. அது இருப்பதே சித்திக்குத் தெரியாது. வலித்தால்தானே தெரியும்!

ஸ்க்ரப் டைபஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் காய்ச்சல் இது. பரப்புவது, உண்ணி இனத்தில் மிகச் சிறிய ஒன்றின் இளம்புழு. கண்ணுக்கு எளிதில் தெரியாது. முதிர்ந்த பிறகு எட்டுக் கால். நம்மைக் கடிக்கும் பருவத்தில் ஆறே கால்தான். புல்லிலும் புதரிலும் காத்திருந்து உடம்பில் ஏறும். உடை இறுகும் இடத்தில் நின்றுவிடும். அதனால்தான் இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் பக்கைத் தேட வேண்டியிருக்கிறது. கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் புல்லறுத்த நாளே மறந்துபோயிருக்கும். சிலருக்குப் பக்கும் இருக்காது.

காரணம் ஒரு பாக்டீரியா. ஆனால் மருந்துக் கடையில் நாமாக வாங்கி விழுங்கும் அமாக்சிசிலின் இதைத் தொடாது. டாக்டர் எழுதித் தரும் டாக்சிசைக்ளின், விலை குறைந்த பழைய மாத்திரை; பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சலை இறக்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவார்கள். நாள் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும், உயிரும் போகலாம். நோய் முற்றியவர்களுக்கு இந்த இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது கூடுதல் பலன் தருகிறது என்று 2023-ல் நிறுவிய ஆய்வு நம் நாட்டில் நடந்ததுதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களுக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு.

இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆகவே நோயாளியைக் கண்டு ஒதுங்க வேண்டாம். தோட்ட வேலைக்குக் கையும் காலும் மூடிய உடை போதும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் துவைத்துவிடுங்கள். துவைத்ததைப் புதர்மேல் உலர்த்தாமல் கொடியில் போடுங்கள். வீட்டைச் சுற்றிப் புதர் மண்ட விடாதீர்கள். எலிகள் குடியேறினால் இந்த உண்ணியும் கூடவே வரும்.

ஐப்பசி முதல் மாசி வரை நம் பக்கம் இந்தக் காய்ச்சலுக்குப் பருவம். வயலுக்கும் விறகுக்கும் ஆடு மேய்க்கவும் போகிறவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்தான். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் இடுப்பையும் அக்குளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டாக்டர் முன் உட்காரும்போது, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பதோடு, எந்தப் புதருக்குள் போனார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்