பொருளாதாரப் படிப்பும் கிராமக் கணக்கும்

ஓர் ஆசிரியருக்கு என்ன யோக்கியதை வேண்டும் என்றால், நம் நாட்டார் என்ன பட்டம், என்ன சாதி, எந்தக் கலாசாலை என்றுதான் கேட்பார்களே ஒழிய, அவர் பிள்ளைகளை யாரிடம் போய் என்ன விசாரிக்கச் சொன்னார் என்று கேட்பவர்கள் மிகச் சிலரேயாவர். இதற்குச் சென்னை சர்வகலாசாலைக்கு 1915-ல் முதல் பொருளாதாரப் பேராசிரியராய் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயரின் சங்கதியை எடுத்துக்கொள்ளுவோம்.

அவர் பட்டமில்லாதவரல்ல. இங்கிலாந்தில் பொது நிலங்களைப் பணக்காரர்கள் வேலியடைத்துக்கொண்டு, குடியானவனை வெளியே தள்ளிய கதையை ஆராய்ந்து 1907-ல் புத்தகமாய் எழுதியவர். ஆனால் நாம் பெரிதாய்க் கருதுவது, 1909 முதல் 1915 வரை ஆக்ஸ்போர்டில் தொழிலாளிகளுக்கென்றே ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரிக்கு அவர் தலைவராய் இருந்ததையேயாகும். உழைத்துக் கைகாய்த்தவனுக்குப் பாடஞ் சொன்னவருக்கு, நெட்டுருப் போடுவது படிப்பாகத் தோன்றுமா?

ஆகவே, மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் போகும்போது ஒரு கேள்வித்தாளைக் கையில் கொடுத்து, நிலம் யாரிடம் இருக்கிறது, என்ன பயிர், என்ன கூலி, யாருக்கு என்ன கடன் என்று விசாரித்து எழுதிவரச் சொன்னார். அவைகளே 1918-ல் "சில தென்னிந்தியக் கிராமங்கள்" என்னும் பொருள்படும் ஆங்கிலப் புத்தகமாயின. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாற்றைத் தாண்டினால் வரும் தூசியும், தென்னாற்காட்டு இருவேல்பட்டும் அதில் உண்டு.

இருவேல்பட்டில் படியாள் கல்யாணத்துக்கு மிராசுதாரிடம் கடன் வாங்கி, அது தீராமலே அவன் வீட்டுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தான். பாகவதரைக் கேட்டிருந்தால் பூர்வஜென்ம கர்மம் என்றிருப்பார். கணக்கெடுத்தவனோ கல்யாணக் கடன் என்று எழுதினான். புரோகிதமும் ஆடம்பரமும் இல்லாமல் கல்யாணம் செய்யுங்கள் என்றால் நம்மை நாஸ்திகர் என்று கூச்சல் போடும் பெரியவர்கள், அந்தப் பக்கத்தையாவது புரட்டிப் பார்த்ததுண்டா?

இதில் ஒரு குறையும் உண்டு. அக்காலத்தில் சர்வகலாசாலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் மேல்சாதிக்காரரும் நிலக்காரருமான வீட்டுப் பிள்ளைகளே. எஜமானன் மகன் வந்து நின்று கேட்டால் சேரிக்காரன் எவ்வளவுதான் வாய் திறப்பான்? என்றாலும், கணக்கு என்று ஒன்று எழுதிவைத்ததால்தான் பி.ஜே.தாமஸ், கே.சி.ராமகிருஷ்ணன் ஆகியவர்கள் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்து 1940-ல் புத்தகம் வெளியிட முடிந்தது.

நிற்க, மண்ணூர்ப் பக்கத்துக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஏரிப்பாசன நிலமெல்லாம் மோட்டார், செல்போன் தொழிற்சாலைகளாய் மாறிவிட்டது. நோக்கியா 2006-ல் திறந்து 2014-ல் மூடிவிட்டுப் போயிற்று. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் சங்கம் வைக்கும் உரிமைக்காக 2024-ல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. முதலாளி ஆயுதபூஜையன்று யந்திரத்துக்குப் பொட்டு வைக்கிறார். அதை ஓட்டுகிறவனுக்குச் சங்கம் என்றால் மாத்திரம் முகஞ் சுளிக்கிறார்.

ஸ்லேட்டர் காலத்தில் இல்லாத ஒரு சௌகரியம் இன்று உண்டு. சேரிப் பிள்ளைகளும் கூலிக்காரர் வீட்டுப் பெண்களும் காலேஜில் பொருளாதாரம் படிக்கிறார்கள். அவர்களுடைய வாத்தியார்கள் கேள்வித்தாள் கொடுக்காவிட்டால் நாமே கொடுக்கிறோம். உங்கள் தெருவில் நிலத்தை யார் விற்றார், ஏக்கர் என்ன விலைக்கு? இடையில் தரகன் தின்றது எவ்வளவு? நிரந்தர வேலையில் எத்தனை பேர், ஒப்பந்தக்காரனிடம் எத்தனை பேர், அவன் பிடித்துக்கொள்ளுவது என்ன? பீகார், ஒடிசாத் தோழர்கள் ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், என்ன வாடகை? திருவிழாவுக்கு வீட்டுக்கு எவ்வளவு வரி? விடுமுறையில் இவைகளை விசாரித்து எழுதியனுப்பினால், பெயரை மறைத்து, கணக்கை மறைக்காமல் வெளியிடுவோம்.