படகு யாருடையது?

பழவங்காடியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்குப் பொழுது போவது பற்றிக் கவலை இல்லை. பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைபடும் சத்தம் ஓய்வதே கிடையாது. புதுக்கடை திறப்பவர், பரீட்சைக்குப் போகிறவர், கோர்ட்டில் வழக்கு உள்ளவர், மகளுக்கு வரன் தேடுகிறவர் என்று எல்லோரும் விக்கினம் தீர இங்கே வந்து ஒரு தேங்காயை விடுகிறார்கள். சமீபத்தில் ஒரு பிற்பகல், அந்தச் சத்தத்துக்கு நடுவே பூவார் பஸ்ஸுக்காக என் பக்கத்தில் நின்றவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுப்பதும், பிரித்துப் பார்ப்பதும், மறுபடி மடித்து வைப்பதுமாக இருந்தார். நகை வாங்கியவர் அப்படித்தான் பார்ப்பார். உள்ளே இருந்ததோ கறுப்பு ரப்பரில் செய்த, ஆறு இதழ் கொண்ட ஒரு சின்னச் சாமான்.

"என்ன அண்ணே அது?" என்று கேட்டேன்.

"தண்ணி இழுக்கிற ரப்பர் பூ, சார். இது தேஞ்சு போனா எஞ்சின் வெந்து போவும்."

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக்காரர். சொந்தமாக ஒரு படகும் எஞ்சினும் உண்டு. அவர் சொன்ன சொல்தான் என்னைச் சுருக்கென்று தைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் எஞ்சின் பராமரிப்புக் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுத்தேன். அதில் இதே சாமானுக்கு நான் வைத்த பெயர் 'குளிர்நீர் உந்துசுழலி'. தமிழில் முதுகலைப் பட்டம் வாங்கியவன் வேறென்ன செய்வான்?

அந்தக் கையேடு, படகுச் சொந்தக்காரர்களுக்கான இரண்டு நாள் பயிற்சிக்காகத் தயாரானது. மொழிபெயர்த்தவரும் வந்து பார்க்கட்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். கடற்கரையில் வலை சரிசெய்யும் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் தம் எஞ்சினைத் தோளில் சுமந்து வந்திருந்தார். சொல்லிக் கொடுத்தவர் அதே கடற்கரை மெக்கானிக். என் கையேட்டை யாரும் திறக்கவில்லை. காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஸ்பேனரை வைத்திருந்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. பத்து நிமிடத்தில் அது போய்விட்டது. அங்கே நடந்தது அவ்வளவு சுவாரசியம்.

மெக்கானிக் போட்ட முதல் விதி: "நான் கருவியைத் தொடமாட்டேன். உங்க எஞ்சின், உங்க கை." கடைசி வரை அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார். முப்பது வருடம் கடலுக்குப் போன ஒருவர் தன் எஞ்சினின் மூடியைக் கழற்றிவிட்டு, ஏதோ தப்புச் செய்ததுபோல் சுற்றிலும் பார்த்தார். வாங்கிய நாளிலிருந்து அந்த மூடியை அவர் திறந்ததே இல்லையாம். மெக்கானிக் திறப்பார், இவர் பார்ப்பார், பிறகு பணம் கொடுப்பார்.

கற்றுக் கொடுத்தவை பெரிய வித்தை எதுவும் இல்லை. எஞ்சின் ஓடும்போது பின்னால் சிறு நீர்த்தாரை விழுகிறதா என்று பார்ப்பது. விழவில்லை என்றால் அந்த ரப்பர் பூ தேய்ந்துவிட்டது, அல்லது மணலோ பாசியோ அடைத்திருக்கிறது; உடனே நிறுத்த வேண்டும். அலையடிக்கும் கரையில் இறங்கி ஏறும் படகில் மணல் புகாமல் இருக்காது, ஆகவே மாற்றுப் பூ ஒன்று எப்போதும் கையில் வேண்டும். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்ப்பது. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைப்பது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்குக் கொண்டுவருவது. அப்படிச் செய்யாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி மறுநாள் கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை போய்விடும்.

கடலில் விழுந்த எஞ்சினைக் காப்பாற்றும் பாடத்தில் எல்லோரும் அசந்து போனார்கள். நம் கடற்கரையில் அலை புரட்டிப் போட்டு எஞ்சின் தண்ணீர் குடிப்பது சகஜம். வெளியே எடுத்து வெயிலில் காய வைப்பதுதான் வழக்கம். அதுதான் அதைக் கொல்லும் வழி என்றார் மெக்கானிக். உப்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் துரு பிடிக்கத் தொடங்கிவிடும். எடுத்த உடனே நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, கயிற்றை இழுத்து உள்ளே இருக்கும் நீரை வெளியேற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, அன்றைக்கே கிளப்பிவிட வேண்டும். உடனே முடியாதென்றால் நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்மில் முழுகவே வைத்துவிட வேண்டும். காற்றுப் படக் கூடாது. நனைந்ததைக் காக்க மறுபடி நனைக்கச் சொல்கிறாரே என்று ஒருவர் சிரித்தார். ஆனால் போன வருடம் தன் எஞ்சின் எப்படிச் செத்தது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் சும்மா இருக்கவில்லை. தினமும் கடலிலிருந்து வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீர் டிரம்மில் வைத்து ஐந்து, பத்து நிமிடம் ஓட்ட வேண்டும் என்றதும் ஓர் அம்மா எழுந்துவிட்டார். "குடிக்கவே குடம் தூக்கிட்டு நடக்கோம். எஞ்சினைக் குளிப்பாட்டவா தண்ணி?" நியாயமான கேள்வி. பத்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு டிரம், மழைநீர் சேமிப்பு என்று பேச்சு வளர்ந்தது. அதே அம்மா கடைசியில் கேட்டார்: "இந்த ரப்பர் சாமான் கடையில என்ன விலை?" மெக்கானிக் சொன்னார். அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். மீன் விற்ற காசை எண்ணி மெக்கானிக்குக் கொடுப்பது அவர்தான். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இது புதிய கல்வி என்று நினைத்தால் தவறு. கட்டுமரக்காரனுக்குப் பராமரிப்பு என்று தனியாக ஒரு வேலை கிடையாது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்ப்பான். மரங்களைத் தனித்தனியே தூக்கிப்போட்டு உலர்த்துவான். மறுநாள் மறுபடி கட்டுவான். தினமும் படகைப் பிரித்துப் பூட்டியவன் அவன். ஆங்கிலேயன் எடுத்துக்கொண்ட 'கேட்டமரான்' என்ற சொல்லிலேயே அந்தக் 'கட்டு' இருக்கிறது. கேரளத்துக் கெட்டுவள்ளம் கயிற்றால் தைத்த படகு. தையல் தளர்ந்தால் அவிழ்த்துத் தைக்கலாம். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் அப்படியே.

எஞ்சின் வந்தபோது இந்த உறவு அறுந்தது. 1952ல் ஒப்பந்தமாகி அடுத்த ஆண்டு கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் விசைப்படகைக் கொண்டுவந்தது. 1980களில் நாட்டுப் படகுகளின் பின்புறத்தில் மாட்டும் வெளி எஞ்சின்கள் கேரளக் கடற்கரை முழுவதும் பரவின. யமஹா, சுசுகி என்று ஜப்பானியப் பெயர்கள் மீனவக் குழந்தைகளுக்கும் மனப்பாடம். கூடவே கடனும் வந்தது. துடுப்பும் பாயும் போட்டபோது காற்று நின்றால் தாமதமாகத்தான் வருவார்கள். எஞ்சின் நின்றால் அன்றைய எரிபொருளும் மீனும் போச்சு, தவணையும் தவறும். சில சமயம் ஆளும் போய்விடுவான்.

படகைப் பொறுத்தவரை அறுந்த இழையை மறுபடி கட்டிப் பார்த்த ஒரு கதை நம் பக்கத்திலேயே நடந்தது. 1963ல் லண்டன் படகுக் கண்காட்சியில் 'மிரர்' என்ற சிறு பாய்ப்படகு அறிமுகமானது. டெய்லி மிரர் பத்திரிகை ஆதரவில் பிறந்ததால் அந்தப் பெயர். வடிவமைத்தவர்களில் ஒருவர் பேரி பக்னெல். வீட்டு ரிப்பேர்களை வீட்டுக்காரரே செய்துகொள்ள பி.பி.சி. தொலைக்காட்சியில் சொல்லிக் கொடுத்தவர். ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டில் கண்ணாடி இழை நாடாவும் பிசினும் வைத்து ஒட்டும் முறை. 63 பவுண்டு 11 ஷில்லிங் கொடுத்தால் பெட்டியில் துண்டுகள் வரும். தச்சு தெரியாதவரும் வீட்டில் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். 70,000க்கும் மேல் கட்டப்பட்டன.

அதே தைத்து ஒட்டும் முறை 1980களின் தொடக்கத்தில் குமரி மாவட்டம் முட்டத்துக்கு வந்து சேர்ந்தது. பெல்ஜியத்துக்காரரான பியர் ஜில்லே மீனவர்களோடு உட்கார்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளைச் செய்து பார்த்தார். பட்ட பாட்டையெல்லாம் 1985ல் புத்தகமாக எழுதியபோது அவர் வைத்த தலைப்பு 'சிறியது கடினம்'. 'சிறியதே அழகு' என்று எழுதிய ஷூமாக்கருக்கு அனுபவஸ்தர் ஒருவரின் பதில்! தையல் படகு தெரிந்த கரைக்குத் தையல் படகே லண்டன் வழியாகச் சுற்றி வந்தது. பழவங்காடியிலிருந்து கூப்பிடு தூரத்தில், கரமனையில் தலைமையகம் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980ல் தொடங்கியது. படகு கட்டும் தளங்களோடு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் கடற்கரைக் கிராமங்களுக்கே அது கொண்டுபோனது. பழுதுபார்ப்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் பாடம். அதற்கு அடுத்த படி, பழுதை முதலில் கண்டுபிடிப்பவர் படகுக்காரராகவே இருப்பது.

கொச்சியில் 1963 முதல் இருக்கும் மத்திய மீன்வளக் கடலியல் பொறியியல் பயிற்சி நிறுவனம் பெரிய மீன்பிடிக் கப்பல்களுக்கு மாலுமிகளையும் பொறியாளர்களையும் தயாரிக்கிறது. சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் அதற்குக் கிளைகள் உண்டு. அது வேலைக்கான படிப்பு, தேவைதான். ஒரே எஞ்சின் வைத்திருப்பவருக்கு வேண்டியது அந்த ஒரே எஞ்சின் பற்றிய படிப்பு. பிரிட்டனில் உல்லாசப் படகு வைத்திருப்பவர்களுக்கே ராயல் யாட்டிங் அசோசியேஷன் டீசல் எஞ்சின் பற்றி ஒருநாள் வகுப்பு வைத்திருக்கிறது. அங்கே உயிர்காப்புப் படகுகளுக்கு வரும் அழைப்புகளில் எஞ்சின் கோளாறு முன்வரிசையில் நிற்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கே அந்தப் படிப்பு வேண்டும் என்றால், தினமும் இருட்டில் அலை தாண்டுகிறவருக்கு?

இதற்கு மறுப்புகளும் உண்டு. அரைகுறை அறிவு ஆபத்து என்பது ஒன்று. எதைத் தொடக் கூடாது என்பதும் பாடத்தின் பாதி. கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன் பக்கம் போகாதே என்று மெக்கானிக் நூறு தடவை சொன்னார். மெக்கானிக் பிழைப்புப் போகாதா என்பது இன்னொன்று. அதை அவரிடமே கேட்டேன். "செத்த எஞ்சினைக் கொண்டுவந்து போட்டா எனக்குக் காசு ஒரு தடவை. காய்ச்சல் எஞ்சினைக் கொண்டுவந்தா வருஷா வருஷம்" என்றார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மூன்றாவது மறுப்பு கனமானது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே முதலப்பொழித் துறைமுக வாயிலில் படகுகள் கவிழ்ந்து எத்தனையோ பேர் இறந்திருக்கிறார்கள். மணல் மேடும் துறைமுக அமைப்பும்தான் காரணம் என்பது மீனவர்களின் நெடுநாள் புகார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இந்தக் கரையிலும் குமரிக் கரையிலும் எத்தனை வீடுகளை இருட்டாக்கியது என்பதும் மறக்கக் கூடியதா? பிளக் துடைக்கத் தெரிந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். அரசு செய்ய வேண்டியதை ஸ்பேனர் செய்யாது. ஆனால் அலை மடியும் இடத்தில் எஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பிவிடும். அப்போது கையில் இருப்பது சில விநாடிகள்தான். அது அங்கே நிற்காதபடி முந்தின நாள் கரையில் பார்த்துக்கொள்வது சொந்தக்காரரின் பங்கு.

இனி வரும் எஞ்சின்கள் அந்தப் பங்கையும் பறிக்கக்கூடும். எரிபொருளை மின்னணு முறையில் பீய்ச்சும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் கோளாறைச் சொல்வது கணினி. கணினியைக் கேட்கக் கம்பெனிக் கருவி வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022ல் ஒரு குழு அமைத்து இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். டிராக்டருக்கு இடம் கிடைத்தது நல்லது. படகு எஞ்சின் அந்தத் தலைப்புகளில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. கடலை உழுகிறவனுக்கும் அந்த உரிமை வேண்டாமா?

பூவார் பஸ் வந்துவிட்டது. ஏறும் அவசரத்திலும் அவர் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கோயில் பக்கம் இன்னொரு தேங்காய் சிதறியது. "நீங்க வேண்டுதல் எதுவும் வைக்கலையா அண்ணே?" என்றேன் விளையாட்டாக.

"வேளாங்கண்ணி மாதாவை வேண்டாம கயிறு இழுக்க மாட்டேன் சார். ஆனா பிளக்கைத் துடைக்காம இழுத்தா மாதா என்ன செய்வா?"

பஸ் போன பிறகு கையேட்டுக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதுவது என்று தீர்மானித்தேன். அடுத்த பதிப்பில் 'குளிர்நீர் உந்துசுழலி' என்பதை அடித்துவிடுங்கள். 'ரப்பர் பூ' என்று போடுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. அந்தச் சொல் என்னுடையது இல்லை.